மாமி வீட்டில் ஒரு பரீட்சை

பூங்கோதை வேலை பார்த்த கம்பெனியில் அடையாள அட்டை இரண்டு நிறம். கம்பெனியின் சொந்த ஆட்களுக்கு நீலம், ஏஜென்சி மூலம் வந்தவர்களுக்கு ஆரஞ்சு. நீல அட்டைக்காரருக்கு உடம்புக்கு ஒன்று என்றால் ஆஸ்பத்திரி, ஆபரேஷன், பெற்றவர்களுக்கும் சேர்த்து இன்ஷூரன்ஸ். ஆரஞ்சு அட்டைக்காரருக்கு ஒன்று என்றால் மறுநாள் அந்த இடத்தில் இன்னொரு ஆரஞ்சு அட்டைக்காரர். டெல்லி ஓக்லாவில் இருந்த அந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் எட்டு வருஷமாகக் கேபிள் இழுத்து, முனைக்குக் கிளிப் அடித்து, 'நெட் வரலை' என்று எவன் கூப்பிட்டாலும் மாடிக்கு மாடி ஓடிய பூங்கோதையின் கழுத்தில் ஆரஞ்சுதான் தொங்கியது.

அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் ஸ்ரீவத்ஸன் சார். நெட்வொர்க் பிரிவுக்கு மேனேஜர். செய்த உதவியை அவரும் மறக்கவில்லை, மற்றவர்களையும் மறக்க விடவில்லை. புதிதாக யார் வந்தாலும், "நம்ம ஆத்துல வேலை செய்யறாளே செல்லம்மா, அவ பொண்ணு இவ" என்றுதான் பூங்கோதையை அறிமுகப்படுத்துவார். கேலியாகச் சொன்னால் திருப்பி ஒன்று சொல்லலாம். அவர் அன்பாகச் சொல்வார். அன்பாகச் சொல்கிறவரிடம் என்னவென்று சண்டை போடுவது?

செல்லம்மாள், பூங்கோதையின் அம்மா. கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த வடிவேலுவின் பின்னாலேயே டெல்லிக்கு வந்தவள். வடிவேலு சிமெண்டுத் தூசியை நெஞ்சில் சேர்த்து வைத்துக்கொண்டு சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டான். செல்லம்மாள் மயூர் விஹாரில் நாலு வீட்டில் வேலை பிடித்து, பெண்ணைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்திலும் பிறகு ஐ.டி.ஐ.யிலும் படிக்க வைத்தாள். நாலு வீடு மூன்றாகி, மூன்று இரண்டாகி, இப்போது மிஞ்சியிருப்பது ஸ்ரீவத்ஸன் சார் வீடு மட்டும்தான். காரணம் அவளுடைய முட்டி. இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. வலதில் ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் தேதி கேட்டால், அந்தத் தேதியை வாங்க எந்தத் தேதியில் வரவேண்டும் என்று சொல்கிறார்கள்.

இந்த நிலைமையில்தான் நெட்வொர்க் டெஸ்க்கில் ஒரு நீல அட்டை காலியானது. உள்ளே இருக்கிறவர்களுக்கே முதல் வாய்ப்பு, ஏஜென்சி ஆட்களும் கேட்கலாம், ஆனால் நெட்வொர்க்கிங் ஆரம்பநிலைச் சான்றிதழ்ப் பரீட்சையில் மார்ச் முடிவதற்குள் தேறியிருக்க வேண்டும், பரீட்சைக் கட்டணத்துக்கான கூப்பனைக் கம்பெனியே ஒரு தடவை கொடுக்கும் என்று மெயில் வந்தது. பூங்கோதை அந்த மெயிலைப் படித்துவிட்டு முதலில் நினைத்தது அம்மாவின் வலது முட்டியைத்தான். அட்டை நீலமானால் அடுத்த மாதமே ஆபரேஷன். அதற்கப்புறம் அம்மா ஒரு வீட்டுப் படியும் ஏற வேண்டாம்.

பாடத்தில் எல்லாம் ஒரு மாதிரி ஓடிவிட்டது. ஒரு நெட்வொர்க்கைத் துண்டு துண்டாகப் பிரிக்கிற சப்நெட்டிங்கில்தான் வந்து மாட்டினாள். யூடியூபில் ஒரு வாத்தியார் இந்தியில் "பஹுத் ஆஸான் ஹை, பஹுத் ஆஸான் ஹை" என்று கத்திக்கொண்டே பலகை முழுக்க ஒன்றும் சைபருமாக எழுதித் தள்ளினார். சுலபம் என்று ஒருவன் நாலு தடவை சொன்னால் அது சுலபமில்லை என்று அர்த்தம். ஒரு வாரம் பார்த்து, தலைவலிதான் மிச்சம்.

கடைசியில் அதைப் புரிய வைத்தது அவள் குடியிருந்த திரிலோக்புரிதான். அங்கே எல்லாம் பிளாக் கணக்கு. விலாசம் சொன்னால் முதலில் பிளாக் எண், அப்புறம் வீட்டு எண். கம்ப்யூட்டரின் ஐ.பி. முகவரியும் அப்படித்தான் என்று ஒருநாள் குழாயடியில் நிற்கும்போது அவளுக்கு உறைத்தது. முகவரியில் எது வரை பிளாக், எங்கிருந்து வீடு என்று கோடு போட்டுக் காட்டுவதுதான் மாஸ்க். கோட்டை ஒரு கட்டம் நகர்த்தினால் ஒரு பிளாக் இரண்டாகும், ஒவ்வொன்றிலும் வீடுகள் பாதியாகும். இருநூற்று ஐம்பத்தாறு வீட்டு பிளாக் ஒன்று, நூற்று இருபத்தெட்டு வீட்டு பிளாக் இரண்டாகும், பிறகு அறுபத்து நாலு வீட்டு பிளாக் நாலாகும். ஒவ்வொரு பிளாக்கிலும் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் யாருக்கும் குடிவிடக் கூடாது. முதலாவது பிளாக்கின் பெயர், கடைசியானது பிளாக்கையே மொத்தமாகக் கூப்பிடுவதற்கு. ஒரே பிளாக்குக்காரர்கள் நேரே பேசிக்கொள்ளலாம். வேறு பிளாக்கில் இருப்பவரிடம் பேச வேண்டுமானால் கேட்வே வழியாகத்தான் போகவேண்டும். மயூர் விஹார் சொசைட்டி கேட்டில் செல்லம்மாள் தினமும் போலீஸ் சரிபார்த்த அட்டையைக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போகிறாள். அதனால் கேட்வே பாடத்தைப் பூங்கோதை இரண்டாம் தடவை கேட்கவே இல்லை.

புரிந்தபிறகு வேகம் வேண்டியிருந்தது. காலையில் மெட்ரோவில் பிங்க் லைனில் ஏறி லாஜ்பத் நகரில் மாறி ஓக்லா போகும்வரை கணக்கு, திரும்பும்போதும் கணக்கு. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாட்டைக் கோரஸாகக் கத்திப் படித்தவள் அவள். வாய்விட்டுச் சொன்னால்தான் கணக்கு வரும். விரல் கணுவைக் கட்டை விரலால் தொட்டுத் தொட்டு, "முப்பத்திரண்டு, அறுபத்திநாலு, தொண்ணூத்தாறு" என்று முணுமுணுத்துக்கொண்டே வருவாள். எழுபத்தேழாம் வீடு எந்தப் பிளாக் என்று கேட்டால், முப்பத்திரண்டு முப்பத்திரண்டாகத் தாண்டி, அறுபத்து நாலில் ஆரம்பிக்கிற பிளாக் என்று நின்றுவிடுவாள். ஒருநாள் பக்கத்து சீட்டுப் பெண்மணி அவளையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பேட்டா, தபியத் டீக் ஹை?" என்று கேட்டாள். உடம்புக்கு ஒன்றுமில்லை, பரீட்சை என்றதும் அந்தம்மாள் அனுதாபத்தோடு தள்ளி உட்கார்ந்தாள்.

கூப்பனுக்கு ஸ்ரீவத்ஸன் சார் கையெழுத்துப் போடவேண்டும். அவர் இல்லை என்று சொல்லவில்லை. "பார்க்கலாம்மா, பூங்கோதை. அவசரப்படாதே. இதெல்லாம் நீ நினைக்கிற மாதிரி இல்லை, கொஞ்சம் கஷ்டம்" என்றார். ஜனவரி போயிற்று. அவளும் வாரம் ஒருமுறை போய் நின்றாள், அவரும் வாரம் ஒருமுறை பார்க்கலாம் என்றார். பிப்ரவரியும் பாதி போனபிறகு ஒருநாள் ஏதோ நல்ல மனநிலையில், வேறு எதையோ படித்துக்கொண்டே, கம்ப்யூட்டரில் ஒரு தட்டுத் தட்டி அனுமதித்தார். இரண்டே வினாடி. அந்த இரண்டு வினாடிக்காக ஒன்றரை மாதம் ஆறப் போட்டிருக்கிறார் மனுஷன்.

அதற்குள் பரீட்சை மையங்களில் மார்ச்சுக்கு இடமே இல்லை. ஏப்ரலில்தான் இருந்தது. ஏப்ரலில் எழுதி என்ன பண்ண? மிச்சம் இருந்த ஒரே வழி, வீட்டிலிருந்தே ஆன்லைனில் எழுதுவது. அதற்கு விதிகள் உண்டு. மூடிய அறை வேண்டும். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது, வரவும் கூடாது. காகிதம், பேனா கூடாது. எங்கோ உட்கார்ந்து ஒரு கண்காணிப்பாளர் கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பார். முகம் கேமராவை விட்டு நகரக் கூடாது. உதட்டை அசைத்து முணுமுணுக்கக் கூடாது.

உதட்டு விஷயத்துக்குப் பூங்கோதை ஒரு வழி கண்டுபிடித்தாள். மெட்ரோவில் போகும்போது இரண்டு உதட்டுக்கும் நடுவில் ஒரு கிராம்பை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டாள். உதடு அசைந்தால் கிராம்பு விழுந்துவிடும். முதல் வாரம் ஏகப்பட்ட கிராம்பு கீழே விழுந்தது. பிறகு விழவில்லை. வாயைக் கட்டிவிட்டாள். அறைக்குத்தான் வழி தெரியவில்லை. அவர்கள் வீடே ஒரே அறை. மெல்லிய சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு டிவி, இந்தப் பக்கம் தண்ணீர் லாரி வந்தால் தெருவே எழுந்து ஓடும். கதவைச் சாத்தினால், யாருக்கு என்னவோ என்று தட்டிப் பார்க்கிற ஜனங்கள்.

ஸ்ரீவத்ஸன் சார்தான் சொன்னார். "நம்மாத்து ஸ்டடி ரூம் சும்மாதானே கிடக்கு? பையன் பெங்களூரு போனப்புறம் யாரும் நுழையறதே இல்லை. ஞாயித்துக்கிழமை வந்து எழுதிட்டுப் போ. ஏசி இருக்கு, வைஃபை இருக்கு." அலுவலகத்தில் நாலு பேர் முன்னால் சொன்னார். நாலு பேரும் அவரை மெச்சிக்கொண்டார்கள். அவளும் "தேங்க்ஸ் சார்" என்றாள். வேறு போக்கு இருந்தால் அவள் அந்த வீட்டுக்குப் போயிருக்கவே மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவும் பெண்ணும் சேர்ந்தே போனார்கள். கேட்டில் செல்லம்மாள் அட்டையைக் காட்டினாள். பூங்கோதையைப் பார்த்து, "யே கௌன்?" என்று காவலாளி கேட்க, "மேரீ பேட்டி, இம்திஹான் ஹை இஸ்கா" என்று தன் பெண்ணையும் அவள் பரீட்சையையும் பெருமையாகச் சொன்னாள். மூன்றாம் மாடிக்குப் போனதும் அம்மா சமையலறைப் பக்கம் திரும்பினாள், பெண் ஸ்டடி ரூமுக்குப் போனாள்.

ஸ்ரீவத்ஸனின் மனைவி வத்சலா மாமி வந்து ஏசியைப் போட்டுக் கொடுத்தாள், நாற்காலிக்கு ஒரு மெத்தை கொண்டுவந்து வைத்தாள். நல்லவள்தான். தீபாவளிக்குப் புதுப்புடவை கொடுப்பவள், பூங்கோதை பத்தாவதில் தேறியபோது கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தவள். அவளிடம் பூங்கோதை பணிவாகச் சொன்னாள்.

"மாமி, ரெண்டு மணி நேரம் யாரும் கதவைத் திறக்கக் கூடாது. யாராவது வந்தா பரீட்சையவே நிறுத்திடுவாங்க."

"அச்சா, அச்சா. நான் ஏன் வரப்போறேன்? நீ நன்னா எழுது குழந்தே."

கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. பித்தளைத் தாழ்ப்பாள், நன்றாகவே வேலை செய்தது. பூங்கோதை அதன் மேல் கை வைத்தாள். பிறகு எடுத்துவிட்டாள். மாமி வீட்டு அறைக்குள் நுழைந்து, மாமி வெளியே நிற்க, உள்ளே தாழ் போட்டுக்கொள்வதா? அவளுக்குக் கை வரவில்லை. அந்த வீட்டில் அவள் அம்மாவும் சரி, அவளும் சரி, எந்தக் கதவையும் உள்ளே தாழிட்டதில்லை. புடவை மாற்றக்கூட வேலை முடிந்து தங்கள் வீட்டுக்குத்தான் போவார்கள். கதவை அழுத்திச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். நெட்வொர்க்குக்குக் காவல் போடுவது எப்படி என்று மூன்று மாதம் படித்தவள், ஒரு தாழ்ப்பாளைத் தள்ளவில்லை.

பரீட்சை நன்றாகப் போயிற்று. நன்றாக என்றால், அவளே நம்பாத அளவுக்கு நன்றாக. சப்நெட்டிங் கேள்விகள் வரவர அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. மேசையில் கைகளைக் கேமராவுக்குத் தெரியும்படி வைத்துக்கொண்டு, உதட்டை இறுக்கி, மனசுக்குள்ளேயே தாவினாள். பாதிக்கு மேல் முடிந்தது. நூற்று நாற்பதாம் எண் இருக்கிறது, பிளாக்குக்குப் பதினாறு வீடு, எந்தப் பிளாக், அதன் கடைசி எண் என்ன என்று ஒரு கேள்வி. நூற்று இருபத்தெட்டில் ஆரம்பம், அடுத்தது நூற்று நாற்பத்து நாலு, ஆகவே கடைசி நூற்று நாற்பத்து மூன்று. விடையைத் தேர்ந்தெடுக்க மவுஸை நகர்த்தினாள்.

சமையலறையில் அப்போது வத்சலா மாமி டிகாக்‌ஷன் இறக்கியிருந்தாள். "பாவம், காத்தாலேர்ந்து தண்ணிகூடக் குடிக்காம உக்காந்திருக்கா. ஒரு வாய் காபி குடுத்துட்டு வரேன்" என்றாள்.

"வேணாங்க மாமி, உள்ள போவக் கூடாதாம்" என்றாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த செல்லம்மாள்.

"நான் என்ன பேசவா போறேன்? டேபிள்ல வெச்சுட்டு சத்தம் போடாம வந்துடுவேன்."

செல்லம்மாள் இரண்டாம் தடவை சொல்லவில்லை. அந்த வீட்டில் அவள் எதையும் இரண்டாம் தடவை சொன்னதில்லை.

கதவு திறந்தது. வத்சலா மாமி வாசலிலேயே நின்றாள். கையில் டம்ளர், முகத்தில் சிரிப்பு. இன்னும் உள்ளேகூட வரவில்லை. கேமரா மேசைக்கு நேராக இருந்தது, கதவோ பக்கவாட்டில். மாமி கேமராவுக்குத் தெரிந்திருக்கவே மாட்டாள். பூங்கோதை தலையைத் திருப்பாமல், வேண்டாம் என்று ஒரு விரலை அசைத்திருந்தால் போதும். மாமி போயிருப்பாள்.

பூங்கோதை எழுந்து நின்றாள்.

யோசித்து எழவில்லை. ஏழு வயதில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு முதன்முதலாக அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து, வத்சலா மாமி ஒரு அறைக்குள் வந்தால் அவள் எழுந்து நிற்பாள். இருபத்து நாலு வருஷமாக உடம்புக்குப் பழகிய காரியம். உதட்டை அடக்கக் கிராம்பு கண்டுபிடித்தவளுக்குக் காலை அடக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. கேமராவில் அவள் முகம் மறைந்து, வயிறும், பழக்கத்தில் மாட்டிக்கொண்டு வந்திருந்த ஆரஞ்சு அட்டையும் மட்டும் தெரிந்தன. திரையில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது: உடனே இருக்கையில் அமரவும், அறையில் யார் இருக்கிறார்கள்? அவள் அதைப் படித்து முடிப்பதற்குள் மாமி, "அடடா, நீ எதுக்கு எழுந்துக்கறே? உக்காரு உக்காரு" என்றாள். குரல் மைக்கில் போயிற்று. திரை வெளுத்தது. விதிமீறலால் பரீட்சை நிறுத்தப்பட்டது என்று இரண்டு வரி. தேர்ந்தெடுக்காத விடை அதன் பின்னால் எங்கோ போய்விட்டது.

பூங்கோதை நின்றது நின்றபடி நின்றாள். மாமி காபியை மேசையில் வைத்தாள். "ஆயிடுத்தா? அதுக்குள்ளேயா?" என்று கேட்டாள்.

மாமியைக் குறை சொல்ல முடியாது என்று எல்லோரும் சொன்னார்கள். மாமியே கண் கலங்கிவிட்டாள், "நான் பேசவே கூடாதுன்னுதான் வந்தேன், இவ எழுந்துண்டதாலதானே வாய் வந்துது" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அதுவும் நிஜம்தான். ஸ்ரீவத்ஸன் சார் உள்ளே வந்து தாழ்ப்பாளை இழுத்துத் தள்ளிப் பார்த்தார்.

"இது நன்னாத்தானே இருக்கு? போட்டுக்க வேண்டியதுதானே, பூங்கோதை? இந்தச் சின்ன விஷயம் தெரியலைன்னா எப்படிம்மா?"

உங்கள் வீட்டில் எனக்குத் தாழ் போடக் கை வரவில்லை சார் என்று அவள் சொல்லியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்காது. புரிந்திருந்தால் கோபம் வந்திருக்கும்.

பரீட்சை நடத்துகிறவர்களுக்கு நடந்ததை எழுதினாள். பரிசீலித்தோம், முடிவில் மாற்றமில்லை என்று பதில் வந்தது. கம்பெனி இன்னொரு கூப்பன் தராது, தந்தாலும் மார்ச்சுக்குள் இடமில்லை. ஏப்ரலில் வெங்கி என்று ஒருவன் வெளியிலிருந்து சான்றிதழோடு வந்து சேர்ந்தான். மரியாதையான பையன், முதல் நாளே நீல அட்டை. ஸ்ரீவத்ஸன் சார் அவனைக் கூட்டிக்கொண்டு சர்வர் ரூமுக்கு வந்தார். "இவ பூங்கோதை. நம்மாத்து செல்லம்மாவோட பொண்ணு. எந்தக் கேபிள் எங்கே போறதுன்னு இவதான் காட்டுவா" என்றார். பூங்கோதை காட்டினாள். காட்டாமல் வேறென்ன செய்ய, அதற்குத்தானே சம்பளம்?

அன்றைக்குச் சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது செல்லம்மாள் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். வந்தவன் யார், எந்த ஊர் என்று விசாரித்தாள். பிறகு இத்தனை நாளாக அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டாள்.

"நான் கேக்கறேன்னு கோவிச்சுக்காத. அன்னிக்கு ஏண்டி எழுந்திரிச்ச? மாமிதான, அவங்க என்ன நெனைச்சிருக்கப் போறாங்க? கம்முனு உக்காந்திருக்க வேண்டியதுதான?"

பூங்கோதைக்கு உச்சந்தலை வரை ஏறிற்று. இத்தனை நாள் மாமியிடம் காட்டாத கோபம், சாரிடம் காட்டாத கோபம், எல்லாம் சேர்ந்து, பாவம், அந்தத் தேய்ந்த முட்டிக்காரியின் மேல் வந்து விழுந்தது.

"நீ கேக்கறியா? நீயா கேக்கற? மாமி வந்தா எழுந்திருடின்னு என் தொடையில கிள்ளுனது யாரு? சோபாவுல உக்காந்தேன்னு முதுகுல ரெண்டு வெச்சது யாரு? எனக்கு ஏழு வயசும்மா."

செல்லம்மாளின் கை தைலத்தோடு அப்படியே நின்றது. "நல்லதுக்குத்தான சொன்னேன். வேல போயிட்டா சோத்துக்கு எங்க போறது" என்றாள் மெதுவாக.

"இத்தனை வருஷத்துல நீ அந்த வீட்டுல ஒருநாளாச்சும் உக்காந்திருக்கியா? சொல்லு. ஒரே ஒருநாள்."

கோபத்தில் கேட்ட கேள்வி. பதிலை அவள் எதிர்பார்க்கவில்லை. ஆனால் செல்லம்மாள் அதை நிஜமான கேள்வியாகவே எடுத்துக்கொண்டு, நெற்றியைச் சுருக்கி, வருஷம் வருஷமாகத் தேடினாள். பிறகு அவள் முகம் தெளிந்தது.

"ஏன் உக்காராம? சிங்க் வெக்கறதுக்கு முன்ன பால்கனியில கீழ உக்காந்துதான பாத்திரம் தேய்ப்பேன்" என்றாள். "அப்ப மாமி வந்தா எழுந்திரிக்க மாட்டேன். கையெல்லாம் கரியா இருக்கும், நீ தேய் தேய்ம்பாங்க."